பக்கவாதத்துக்குப் பின் ரோபோ நடைப் பயிற்சி: பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: அப்பாவுக்கு 62 வயது. ஏழு வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. இரண்டு பேர் பிடித்தால் நிற்கிறார், அடி எடுத்து வைக்க வரவில்லை. சர்க்கரையும் உண்டு. மருத்துவமனையில் ரோபோ நடைப் பயிற்சி இருபது சிட்டிங் என்று பேக்கேஜ் சொல்கிறார்கள். எடுக்கலாமா, வீட்டுக்கு வரும் பிசியோவே போதுமா?

எடுக்கலாம். இந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் அது அதிகம் பயன்படுகிறது. ஆனால் இருபது சிட்டிங் என்ற கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த இருபதும் எத்தனை வாரத்தில் முடிகின்றன, ஒவ்வொன்றிலும் கால் நகர்வது எத்தனை நிமிடம், இயந்திரம் செய்து கொடுக்கும் வேலையைப் படிப்படியாகக் குறைக்கிறார்களா, கீழே இறக்கியபின் தரையில் நடக்க வைக்கிறார்களா, இவற்றைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இயந்திரம் எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். நடை திரும்ப வருவதற்கு மூளைக்குத் தேவை திரும்பத் திரும்பச் செய்வது. சாதாரண பிசியோதெரபியில் அது எவ்வளவு நடக்கிறது என்று எண்ணிப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரு சிட்டிங்குக்குச் சராசரியாக 357 அடிகள்தான் வந்தன. எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டும் என்றால் அதில் பாதிகூட வராது. பத்து அடி எடுப்பதற்குள் பிடிப்பவருக்கு இடுப்பு போய்விடும். இயந்திரத்தில் மணிக்கு 1.8 கிலோமீட்டர் வேகம் வைத்தால், அது சாதாரண நடையில் பாதிகூட இல்லை, 20 நிமிடத்தில் 600 மீட்டர். ஓர் அடி 40 சென்டிமீட்டர் என்றால் 1500 அடிகள். இயந்திரத்துக்காகக் கேட்கும் பணம் முதன்மையாக இந்த எண்ணிக்கைக்குத்தான்.

இயந்திரங்களில் பெரிதாக இரண்டு வகை. ஒன்று, காலோடு சேர்த்துக் கட்டும் வெளிக்கூடு. ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் உருவாகி ஹொகோமா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லோகோமாட் இந்த வகை. டிரெட்மில், உடலைச் சுற்றிக் கட்டி மேலிருந்து தொங்கவிடும் பட்டையான ஹார்னெஸ், இரண்டு இடுப்பு மூட்டுக்கும் இரண்டு முட்டிக்குமாக நான்கு மோட்டார்கள். கணுக்காலுக்கு மோட்டார் கிடையாது, பாதத்தை ஸ்ப்ரிங் பட்டை தூக்கிப் பிடிக்கும். இன்னொன்று, பாதத்தை மட்டும் ஒரு தட்டில் வைத்துக் கட்டி, அந்தத் தட்டை நடை போல நகர்த்துவது. பெர்லினில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸெ குழு செய்த கெய்ட் டிரெய்னர் இதற்கு முன்மாதிரி. இதில் முட்டியை யாரும் பிடிப்பதில்லை, நோயாளியே பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது தெரபிஸ்ட் கையால் தாங்க வேண்டும். இந்தியாவிலும் செய்கிறார்கள்: பாதாளச் சாக்கடை சுத்தம் செய்யும் பேண்டிகூட் இயந்திரத்தைச் செய்த திருவனந்தபுரம் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் ஜி-கெய்ட்டர். உடலில் மாட்டிக்கொண்டு தரையிலேயே நடக்கும் எக்ஸோ போன்றவை தனி ரகம். ஓரளவு நிற்கத் தெரிந்தவர்களுக்கு அவை பொருந்தும், உங்கள் அப்பாவுக்கு இப்போது பொருந்தாது.

பலன் பற்றி. ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளிவந்த ஒரு சோதனை உங்கள் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. பக்கவாதம் வந்து 60 நாட்களுக்குள் இருந்த, தனியாக நடக்க முடியாத 155 பேர். ஒரு பிரிவுக்குத் தினமும் 20 நிமிடம் கெய்ட் டிரெய்னரும் 25 நிமிடம் பிசியோவும். மறு பிரிவுக்கு 45 நிமிடமும் பிசியோ. வாரம் ஐந்து நாள், நான்கு வாரம், ஆக இருபது சிட்டிங். முடிவில் இயந்திரப் பிரிவில் 77 பேரில் 41 பேர் யார் உதவியும் இல்லாமல் நடந்தார்கள், மறு பிரிவில் 78 பேரில் 17 பேர். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 62 சோதனைகள், 2440 பேரைச் சேர்த்துப் பார்த்தது. பிசியோவோடு இயந்திரமும் கொடுத்தால், எட்டுப் பேரில் ஒருவர் கூடுதலாகச் சொந்தக் காலில் நடக்கிறார். முதல் மூன்று மாதத்துக்குள் இருப்பவர்கள், இன்னும் நடக்க வராதவர்கள், இவர்களிடம்தான் அந்தப் பலன் அதிகம்.

இதற்கு நேரெதிரான முடிவும் உண்டு. அமெரிக்காவில் 2009இல் வந்த லோகோமாட் சோதனையில் ஏற்கெனவே மெதுவாக நடக்கத் தெரிந்த 63 பேரை எடுத்தார்கள். 24 சிட்டிங் கழித்து, சாதாரண பிசியோ பெற்றவர்களே வேகத்திலும் தூரத்திலும் முந்தினார்கள். முரண்போலத் தெரிந்தாலும் காரணம் எளிது. நடக்கத் தெரிந்தவரை இயந்திரத்தில் கட்டினால் அவர் செய்ய வேண்டிய வேலையை அது பறித்துக்கொள்கிறது. ஆகவே மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து, கோல் ஊன்றிக் கடைத்தெருவுக்குப் போய்வரும் ஒருவருக்கு இதே பேக்கேஜை விற்றால் வேண்டாம் என்று சொல்லலாம். உங்கள் அப்பா அந்த ஆள் இல்லை. அவருக்கு ஏழு வாரம் முடிந்துவிட்டது, அதனால் நாளைக் கடத்தாமல் முடிவெடுங்கள்.

"வாரம் இரண்டு சிட்டிங், பத்து வாரம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்து நாள் கிடைத்தால் நல்லது, மூன்றுக்குக் கீழே போகக் கூடாது. நேரத்தையும் பிரித்துக் கேளுங்கள். "ஒரு மணி நேரம்" என்பதில் சக்கர நாற்காலியிலிருந்து ஏற்றுவது, பெல்ட் கட்டுவது, கழற்றுவது எல்லாம் அடக்கம். முதல் தடவை அளவெடுத்துக் கட்டவே அரை மணி போய்விடும், அது நியாயம். ஐந்தாவது சிட்டிங்கிலும் கட்டுவதற்கு அரை மணி ஆனால் அந்த இடத்தில் ஆளுக்குப் பழக்கம் போதவில்லை. நடந்த நிமிடம், தூரம், வேகம் எல்லாம் திரையில் பதிவாகும். ஒவ்வொரு நாளும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, கட்டும் விதம். பாதிப் பிரச்சினைகள் இங்கேதான் தொடங்குகின்றன. வெளிக்கூட்டு வகையில் இயந்திரத்தின் மூட்டும் மனிதனின் மூட்டும் ஒரே இடத்தில் மடங்க வேண்டும். அதற்காகத் தொடையின் மேற்புறம் பக்கவாட்டில் கையை வைத்தால் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து முட்டி மடியும் கோடு வரை டேப் வைத்து அளப்பார்கள். லோகோமாட்டில் பெரியவர்களுக்கான கூட்டில் இந்த நீளம் 35 முதல் 47 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், எடை 135 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு சென்டிமீட்டர் தப்பினாலும் ஒவ்வொரு அடிக்கும் பட்டை தோலின்மேல் மேலும் கீழும் இழுபடும். ஓர் அடிக்குத் தெரியாது, ஆயிரம் அடிக்குத் தோல் உரியும். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி குறைவு, பக்கவாதம் வந்த காலில் இன்னும் குறைவு. "எரிகிறது" என்று அவர் சொல்லப்போவதில்லை. கழற்றியவுடன் நீங்களே தொடை, கெண்டைக்கால், முன்னங்கால் எலும்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். சிவப்பு அரை மணியில் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால் அடுத்த சிட்டிங்குக்கு முன் அளவை மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு இடத்தைக் குறிப்பாகக் கவனியுங்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு விரலுக்குத் தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அதைச் சுற்றித்தான் போகிறது. கெண்டைக்கால் பட்டையை அதன்மேல் இறுக்கினால் நரம்பு நசுங்கும். ஏற்கெனவே தொங்கும் பாதம் இன்னும் தொங்கும், பழியைப் பக்கவாதத்தின்மேல் போட்டுவிடுவார்கள். பட்டை அந்த முண்டுக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும்.

வேட்டி, லுங்கி உதவாது. தையல் தடிக்காத, முட்டிக்குக் கீழே இறங்கும் பருத்தி டிராக் பேன்ட், குதிகாலை மூடும் ஷூ, நீளமான சாக்ஸ். பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது. சிறுநீர்ப் பை இருந்தால் காலி செய்து, குழாய் பெல்ட்டுக்கு அடியில் மடங்காதபடி பார்க்க வேண்டும். ஆண்களுக்குத் தொடை இடுக்குப் பெல்ட் விதையை நெரிப்பதுண்டு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள், தூக்கும்போதே கேட்டுவிடுங்கள். மார்புப் பட்டை தளர்ந்திருந்தால் உடல் கீழே வழுக்கி, ஹார்னெஸ் அக்குளில் வந்து முட்டும். விழுந்த தோள் ஏற்கெனவே குழியிலிருந்து சரிந்திருக்கும், அதில் இந்த அழுத்தமும் சேர்ந்தால் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். இடது கையைத் தொங்கவிடாமல் ஸ்லிங்கிலோ கைப்பிடியில் பட்டை போட்டோ வைக்கச் சொல்லுங்கள்.

ஏற்றியதும் முதலில் ஆளை அந்தரத்தில் தூக்கி, கால்களை வெறும் காற்றில் நடக்க விடுவார்கள். டிரெட்மில் அதே தாளத்துக்கு வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாதத்தைத் தரையில் படவைப்பார்கள். பயப்பட வேண்டாம், முறையே அதுதான். ஏழு வாரம் படுத்தவர் என்பதால் தூக்கியவுடன் பி.பி. இறங்கித் தலை சுற்றலாம். மேல் அளவு 20 புள்ளி விழுந்தால் அன்று சாய்வு மேசையில் (படுக்கவைத்துக் கட்டி மெல்ல நிமிர்த்தும் மேசை) நிற்கப் பழக்கிவிட்டு மறுநாள் ஏற்றலாம். சிட்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டிருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வந்து ஏறினால் நடுவில் சர்க்கரை இறங்கும், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

இப்போது முக்கியமான மூன்று எண்கள்: எடை தாங்கல், வேகம், கைடன்ஸ். இவற்றைத் தொடாமல் இருபது நாளும் ஒரே அளவில் ஓட்டினால் இயந்திரம் நடக்கிறது, அப்பா சவாரி போகிறார்.

எடை தாங்கல் என்பது உடல் எடையில் எவ்வளவை ஹார்னெஸ் தூக்கிக்கொள்கிறது என்பது. தொடக்கத்தில் 40, 50 சதவீதம் சரி. அதற்கு மேல் போனால் ஆள் தொங்குவார், நுனிக்கால்தான் படும், குதிகால் ஊன்றாது. ஊன்றாத காலுக்குப் பாரம் தாங்கப் பழக்கம் வராது. வாரா வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எங்கே நிறுத்துவது? ஊன்றும் நேரத்தில் முட்டி மடங்கிக் குழையத் தொடங்கும் அளவுக்குச் சற்று மேலே. 70 கிலோ ஆளுக்கு 50 சதவீதம் என்றால் 35 கிலோவை இயந்திரம் சுமக்கிறது, நான்கு வாரத்தில் அது 20 கிலோவுக்குக் கீழே இறங்கினால் நல்ல போக்கு.

கைடன்ஸ் என்பது காலை வழியில் இழுத்துச் செல்லும் விசை. நூறில் வைத்தால் நோயாளி தூங்கினாலும் கால் அழகாக நடக்கும். உண்மையில் தூங்கவும் செய்வார்கள். உடல் கெட்டிக்காரத்தனமானது: யாரோ வேலையைச் செய்து தருகிறார்கள் என்று தெரிந்தால் தசை ஒதுங்கிக்கொள்ளும். அதனால் முதல் சில சிட்டிங் நூறில் ஓடியதும் ஐந்து, பத்துப் புள்ளிகளாகக் குறைக்க வேண்டும். சில இயந்திரங்களில் இரண்டு காலுக்கும் தனித்தனியாக வைக்கலாம். நல்ல காலுக்கு உடனே குறைத்துவிட்டு விழுந்த காலுக்கு மெதுவாகக் குறைப்பார்கள். குறைத்ததும் நடை கோணலாகும், பாதம் சில நேரம் தட்டும். பார்க்கிற நமக்கு "நேற்று நன்றாக நடந்தாரே" என்று தோன்றும். நேற்று நன்றாக நடந்தது மோட்டார். கோணலாக வந்தாலும் இன்றைய அடி அவருடையது.

வேகத்தை வைத்து ஏமாறாதீர்கள். எடையையும் கைடன்ஸையும் அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்டி "முன்னேற்றம்" என்று காட்டுவது எளிது.

அவர் உழைக்கிறாரா என்பதைத் திரையிலும் பார்க்கலாம், முகத்திலும் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் நெற்றி வியர்க்க வேண்டும், நாடி ஏற வேண்டும். சாவகாசமாகக் கதை பேசிக்கொண்டு நடந்தால் இயந்திரம்தான் உழைக்கிறது. கூடவே நின்று "ஊன்று... மடக்கு... தூக்கு" என்று சொல்லும் தெரபிஸ்ட் வேண்டும். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனைப் பார்ப்பவர் உதவ மாட்டார். இடது பக்கம் விழுந்தவர்களில் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும். அப்படி இருந்தால் எதிரில் கண்ணாடி வைத்து, தெரபிஸ்ட் இடப்பக்கம் நின்று பேச வேண்டும்.

நடுவில் இயந்திரம் தடக்கென்று நிற்பது அடிக்கடி நடக்கும். கால் இறுகி எதிர்த்தால் அது விசையை உணர்ந்து தானாக நின்றுவிடும், பாதுகாப்புக்காகத்தான். ஒரு சிட்டிங்கில் இரண்டு முறை என்றால் பரவாயில்லை. பத்து முறை நின்றால் காரணம் தேட வேண்டும். பாதப் பட்டை தளர்ந்து கால்விரல் டிரெட்மில்லில் மாட்டுகிறதா, வேகம் அதிகமா, மூட்டு அளவு தப்பா, அல்லது உண்மையிலேயே கெண்டைக்கால் இறுக்கமா. இறுக்கம் என்றால் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் கெண்டைக்காலை நீட்டிவிட்டு, குறைந்த வேகத்தில் தொடங்கிப் பார்க்கலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் தசை இறுக்கத்துக்கான மாத்திரையின் நேரத்தை மாற்றுவதா, ஊசி போடுவதா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

யாரை ஏற்றவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒட்டிச் சேராத எலும்பு முறிவு, எலும்பு மிகவும் தேய்ந்து உடையும் நிலை, பட்டை படும் இடத்தில் ஆறாத புண், கட்டுக்குள் வராத பி.பி. அல்லது இதயக் கோளாறு, நீட்ட முடியாதபடி நிலைத்துவிட்ட முட்டி. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம், ஸ்கேன் பார்க்காமல் ஏற்றாதீர்கள். நடுவில் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், புதிதாகப் பேச்சுக் குழறல் வந்தால் பயிற்சியை அப்போதே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இயந்திரம் சொல்லித்தராதவை நிறைய. பக்கவாட்டில் சாயாமல் நிற்பது, திரும்புவது, நிலைவாசல் தாண்டுவது, கட்டிலிலிருந்து எழுவது, கணுக்காலால் தரையை உந்துவது. பழைய மாடல்களில் இடுப்பை அசையாமல் பிடித்துவிடுவதால், காலுக்குக் கால் எடையை மாற்றும் வித்தை அதில் வரவே வராது. ஆகவே இறக்கிய சூட்டோடு, தசை விழித்திருக்கும்போதே, 15 நிமிடமாவது தரையில்: பேரலல் பாரில் (இருபுறமும் பிடித்துக்கொள்ளும் கம்பிகள்) நிற்பது, எடை மாற்றுவது, உட்கார்ந்து எழுவது, ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் உறை) போட்டு நாலடி. இது பேக்கேஜில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெர்மன் சோதனையில் தினமும் 25 நிமிட பிசியோ இருந்தது. அதை எடுத்துவிட்டால் அந்த 41 பேர் கணக்கை யாரும் காட்டக் கூடாது.

முன்னேற்றத்தை இயந்திரத்துக்கு வெளியே அளக்க வேண்டும். முதல் நாளும், பத்தாவது சிட்டிங்கிலும், கடைசி நாளும். நடக்க எவ்வளவு உதவி வேண்டும் என்று பார்க்கும் எஃப்.ஏ.சி. என்ற அளவுகோலில் 0 என்றால் நடக்கவே முடியாது அல்லது இருவர் உதவி வேண்டும், 3 என்றால் கை படாமல் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், 5 என்றால் எங்கும் தனியாக. நடக்க வந்தபின் வீட்டிலேயே பார்க்கலாம்: சாக்பீஸால் 10 மீட்டர் கோடு, முதல் 2 மீட்டரும் கடைசி 2 மீட்டரும் விட்டு நடு 6 மீட்டருக்கு எத்தனை வினாடி. 15 வினாடி என்றால் வினாடிக்கு 0.4 மீட்டர். அதற்குக் கீழே இருப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டும் நடப்பார், 0.8ஐத் தாண்டினால் தெருவில் தாராளமாக நடமாடலாம்.

பத்துச் சிட்டிங் கழிந்தும் எடை தாங்கல், கைடன்ஸ், எஃப்.ஏ.சி. மூன்றும் அசையவில்லை என்றால் மீதிப் பத்தை அப்படியே ஓட்டாமல் டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். மாறாக, பன்னிரண்டாவது சிட்டிங்கிலேயே எஃப்.ஏ.சி. 3 வந்துவிட்டால் மகிழ்ச்சியாக இயந்திரத்தை விட்டு இறங்கி, மீதியைத் தரைப் பயிற்சிக்கு மாற்றித்தரக் கேளுங்கள். பேக்கேஜ் முடிய வேண்டுமே என்று கட்டாதீர்கள். பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா, பிசியோவுக்கு மாற்றுவார்களா என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் பத்தும் என்றால்? இருபது சிட்டிங் ரோபோவா, அதே தொகைக்கு மூன்று மாதம் தினமும் வீட்டுக்கு வரும் பிசியோவா என்றால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்து 2011இல் வந்த பெரிய சோதனையில், ஹார்னெஸ் போட்டு டிரெட்மில்லில் நடக்கவைத்த பயிற்சியும், தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து தந்த வலுவும் பேலன்ஸும் கூட்டும் பயிற்சியும் ஒரு வருடக் கடைசியில் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. அது ரோபோ இல்லை, அவர்கள் ஓரளவு நடக்கத் தெரிந்தவர்கள், அதனால் அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் வீட்டுப் பயிற்சி ஏமாற்று வேலை இல்லை என்பது அதில் தெளிவு. வீட்டில் செய்வதாக இருந்தால் கேட்க வேண்டியதும் அதே எண்ணிக்கைதான்: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஒரு நாளைக்கு எத்தனை முறை, சுவர்ப் பக்கம் பிடித்து நின்று விழுந்த காலில் எடை போடுவது எத்தனை முறை. பத்துப் பத்தாகப் பிரித்து நாளைக்கு ஐம்பது முறை எழுந்து உட்கார முடிந்தால் அதை எழுதி வையுங்கள். பிசியோ வந்து கையையும் காலையும் அரை மணி நீவிவிட்டுப் போனால் வேறு ஆளைப் பாருங்கள்.